எந்த எஃகு, எப்படித் துவைத்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் படம் காட்டுங்கள்

மொட்டை மாடியிலும் கார் ஷெட்டிலும் கொல்லைப்புறத்திலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கத்தி செய்துகொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது, கத்தி தெரியும். புதிதாக ஒருவர் நம் பக்கம் வந்தால் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்று கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். பெயர், ஊர், "சின்ன வயசிலிருந்தே கத்தி என்றால் உயிர்" என்று ஒரு வரி, அப்புறம் கறுப்புத் துணிமேல் சாய்த்து வைத்த ஒரு கத்தியின் படம். பிடி பளபளக்கும், பித்தளை ஆணி மின்னும், கூடவே "ஹை கார்பன், முழுக்கக் கைவேலை" என்று ஒரு குறிப்பு இருக்கும். நாமும் "செம" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது எந்த எஃகு, எவ்வளவு சூட்டில் எதில் துவைத்தது (சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கெட்டிப்படுத்துவதைத்தான் துவைப்பது என்கிறோம்), அதற்குப்பின் எத்தனை டிகிரியில் டெம்பரிங் செய்தது (கெட்டிப்பட்டது நொறுங்காமல் இருக்க மறுபடி மிதமாகச் சூடாக்குவது), யார் வீட்டில் எதை வெட்டப்போகிறது, இதெல்லாம் அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இதைத்தான் மாற்றிக்கொள்வோம் என்று கேட்க இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்கிறவன் முதலில் சொல்ல வேண்டும் இல்லையா, சரி, சொல்கிறேன். அம்பத்தூர்க்காரன். பகலில் இரும்பு அச்சு (டை) செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரச்சோதனை வேலை, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் மெஷின் பக்கத்திலேயே நாற்காலி. இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்பார்கள், அப்படித்தான் ஆரம்பித்தது. மாடியில் ஒரு சின்ன கேஸ் உலை, பழைய ஃபோர்க்லிஃப்ட் முள்ளிலிருந்து அறுத்தெடுத்த துண்டுதான் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். (தண்டவாளத் துண்டை அடைகல்லாக வைத்திருப்பவர்கள் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ரயில்வே சொத்துக்கென்று 1966-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.) நான் செய்வது பெரும்பாலும் காய் நறுக்கும் கத்தி. எஃகு நம் ஊர்க் கடைகளில் ஓ.எச்.என்.எஸ். (ஆயில் ஹார்டனிங் நான் ஷ்ரிங்கிங்) என்று கேட்டால் கிடைப்பது, வெளிநாட்டில் ஓ1 என்பார்கள். 800 டிகிரிக்குக் கொண்டுபோய், லேசாகச் சூடாக்கிய சூரியகாந்தி எண்ணெயில் துவைப்பேன். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், வெளியே எடுத்து ஆறவைத்து மறுபடி இரண்டு மணி நேரம். ராக்வெல்லில் 60 பக்கம் நிற்கும். பிடி புளிய மரம். ஒன்று அண்ணி வீட்டில் வெங்காயம் அரிகிறது, இன்னொன்று கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கிறது, அவர் அதைக் கழுவித் துடைக்காமல் போட்டுவிடுவார், துருப் பிடித்ததும் என்னைக் கூப்பிடுவார்.

என் அறிமுகம் முடிந்தது. படம் இல்லாமலே என் கத்தியைப் பற்றி உங்களுக்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கும். "60 என்றால் எலும்பில் போட்டால் வாய் (வெட்டும் விளிம்பு) தெறிக்குமே" என்று ஒருவர் சொல்லலாம், "அந்த எஃகுக்கு இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாருங்களேன்" என்று இன்னொருவர் சொல்லலாம். வெறும் படத்தைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை பேச முடியாது.

"ஹை கார்பன்" என்பது ஒரு பதிலே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். எஃகு ரகங்களுக்கு எண் உண்டு: 1084 என்றால் கார்பன் 0.84 சதவீதம் சுற்றி, 1095 என்றால் 0.95 சுற்றி, பேரிங்குக்குப் போகும் ஈஎன்31 ஒரு சதவீதம், கூடவே ஒன்றரை சதவீதம் குரோமியம். பழைய வண்டி உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கி வருகிற லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.5-லிருந்து 0.6 சுற்றித்தான் இருக்கும், அதிலும் சிலிக்கான் கலந்தது உண்டு, குரோமியம் கலந்தது உண்டு, எந்த லாரி, எந்த வருஷத்து லாரி என்பதைப் பொறுத்தது. இவை எல்லாமே ஹை கார்பன் என்ற ஒரே பெயரில்தான் நம்மிடையே சுற்றுகின்றன. ஆனால் துவைக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் காட்டும். 1095-க்குப் பொறுமையே கிடையாது, சிவந்த நிலையிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஒரு நொடிக்குள் இறங்கியாக வேண்டும், கொழகொழவென்ற எண்ணெயில் போட்டால் உள்ளே பாதி மென்மையாகவே நின்றுவிடும், அரம் வைத்துத் தேய்த்தால் வழுக்காமல் கடிக்கும். ஓ.எச்.என்.எஸ். அப்படி இல்லை, பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது, நிதானமாக இறங்கினாலும் கெட்டிப்படும்.

பழைய இரும்பில் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் பட்டையில் செய்தால் "லாரி ஸ்பிரிங், கலவை தெரியாது, ஒரு சின்னத் துண்டைத் துவைத்து உடைத்துப் பார்த்தேன், உள்ளே மணி (எஃகின் உள்துகள்) நைசாக இருந்தது" என்று சொல்லுங்கள். அதைவிட நேர்மையான அறிமுகம் இருக்க முடியாது. உடைத்துப் பார்ப்பது முக்கியம். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் இருந்தால் சூடு சரி. சர்க்கரை கொட்டினாற்போல் மினுமினுத்தால் சூடு அதிகமாகிவிட்டது, எஃகின் மணி பெருத்துவிட்டது, அந்தக் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே விழுந்தால் இரண்டு துண்டு.

இரும்பு அறுக்கும் பவர் ஹேக்ஸா பிளேடு ஒரு தனிக் கதை. நம் ஊரில் மீன்கடை, கறிக்கடைகளில் அதில் செய்த கத்தி நிறையப் பார்க்கலாம், கறுப்பாக, ஓரத்தில் பழைய பல்லின் தடம் தெரியும். முழுக்க ஹைஸ்பீட் எஃகாக இருந்தால் அதைக் கெட்டிப்படுத்த 1200 டிகிரி பக்கம் போக வேண்டும், நம் உலைக்கு அது எட்டாது. ஆனால் எட்டவும் வேண்டாம், அது ஏற்கெனவே கெட்டிப்பட்டு வந்ததுதான், 500 டிகிரி தாண்டும்வரை பதம் போகாது, ஆகவே அப்படியே சாணை பிடித்து வாய் எடுத்தால் போதும். அதையும் உலையில் போட்டு வெட்டுக்கத்தி மாதிரி அடித்து நீட்ட முயன்று, துவைத்து, "சரியா வரல அண்ணே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதலிலேயே எந்த எஃகு என்று கேட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், நம் கைவேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத அளவுக்குச் சிவந்தால் துவைக்கலாம் என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். 770 டிகிரியில் எஃகு காந்தத்தை விட்டுவிடும், அது சரி. ஆனால் 1084-க்கு வேண்டியது 800-ஐக் கொஞ்சம் தாண்டி. காந்தம் விட்ட கணத்திலேயே எண்ணெயில் விட்டால் குறைச்சல், விட்டபின் பேச்சு சுவாரசியத்தில் மஞ்சள் தட்டும்வரை விட்டால் அதிகம். இந்த இடைவெளியைக் கண்ணால் பிடிக்க வேண்டும், அதை நடுப்பகல் வெயிலில் மொட்டை மாடியில் நின்று பிடிக்கவே முடியாது.

இதை எனக்குச் சொன்னவர் செய்யாறு பக்கத்தில், என் அம்மாவின் ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். "வெய்யில்ல நின்னா இரும்பு கறுப்பாத்தான் தெரியும் தம்பி, அப்பவே அது வெந்து போயிருக்கும். நெழல்ல வச்சுப் பாரு" என்றார். அவர் பட்டறை பகலிலும் அரை இருட்டு, கூரை தாழ்வு, அதன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் செய்வது பன்னரிவாள், களைக்கொத்து, தென்னை மரம் ஏறுகிறவர்களுக்குப் பாளை சீவும் கத்தி. அவரிடம் வருகிற யாரும் கத்தி வேண்டும் என்று மொட்டையாகக் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் விடமாட்டார். கதிருக்கா, முள்ளுக்கா, தேங்காய்க்கா, கறிக்கா? வலக்கையா இடக்கையா? பழைய அரிவாளைக் கொண்டுவந்தியா, பிடி எங்கே தேய்ஞ்சிருக்குன்னு பாக்கணும்! இத்தனையும் கேட்டபின்தான் துருத்தியில் கை வைப்பார்.

அவர் துவைக்கிற விதத்தைப் பார்த்தால் நம் ஓடிஜி அடுப்பெல்லாம் கொஞ்சம் வெட்கப்படும். அலகு முழுவதையும் சிவக்க வைத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தொட்டித் தண்ணீரில் முக்குகிறார். முதுகில் இன்னும் சூடு இருக்கிறது. வெளியே எடுத்து ஒரு கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து வாயைப் பளபளப்பாக்கிக்கொள்கிறார். முதுகின் சூடு மெல்ல வாய்க்கு இறங்கி வரும்போது அந்தப் பளபளப்பில் நிறம் ஓடுகிறது: முதலில் வைக்கோல், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா. வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி, பழுப்பு 250, ஊதா 280 என்று புத்தகங்களில் அட்டவணை இருக்கிறது. அவருக்கு அட்டவணை எதற்கு? பழுப்பு தாண்டியதும் முழுக்கத் தண்ணீரில் போட்டுவிடுகிறார். கெட்டிப்படுத்தல், டெம்பரிங் இரண்டும் ஒரே சூட்டில் முடிந்தது. வாய் கெட்டி, முதுகு மெத்து, முள்மரத்தில் வெட்டினாலும் உடையாது.

உடனே நீங்களும் உங்கள் 1095 பட்டையைத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். அவர் எடுப்பது லாரி ஸ்பிரிங், கார்பன் குறைவு, கனமும் அதிகம், வாய் மட்டும்தான் தண்ணீரைத் தொடுகிறது. இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் சன்னமாகச் சீவிய 1095 அலகைத் தண்ணீரில் போட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். எஃகு தெரிந்தால்தான் முறை, முறை சொன்னால்தான் பாடம். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன்.

அடுத்தது டமாஸ்கஸ். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. இரண்டு விதமான எஃகை அடுக்கிச் சூட்டில் ஒட்டி, மடித்து, கடைசியில் எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் அலை அலையாக வருகிறதே, அது அடுக்கு எஃகு. 1095-உம் 15என்20-உம் சேர்த்தால் 15என்20-இல் இருக்கும் இரண்டு சதவீத நிக்கல் வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். அழகான வேலை, கஷ்டமான வேலை, ஒட்டத் தெரிந்தவர்களைக் கும்பிடலாம். ஆனால் அது ஊட்ஸ் இல்லை. ஊட்ஸ் என்பது இரும்பையும் கரிப்பொருளையும் மூசைக்குள் (மண்ணால் செய்த உருக்குக் குப்பி) அடைத்து உருக்கிக் கட்டியாக எடுத்தது, அதன் கோலம் உள்ளுக்குள்ளிருந்தே வருவது. கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் கிடைத்த உலைச் சுவடுகளும் மூசைத் துண்டுகளும் அந்த வேலையைச் சேர்ந்தவை. விலைக்கு வாங்கிய அடுக்குப் பட்டைக்குப் பிடி போட்டுவிட்டு "பழந்தமிழர் உருக்கு" என்று அறிமுகப்படுத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு அறிவித்ததிலிருந்து இது இன்னும் கூடிவிட்டது. சிவகளைக்குப் பெருமை, சந்தேகமே இல்லை. நம் பட்டை வந்தது இரும்புக் கடையிலிருந்து.

ஒட்டுகிற வித்தையைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கக் கத்திக் கொல்லர் பில் மோரனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1973-ல் அவர் தன் டமாஸ்கஸ் கத்திகளை அங்கே கத்திக்காரர்களின் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். செய்முறையைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். 1976-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியில் ஒருவர் ஜர்னிமேன் (தேர்ந்த கைவினைஞர் என்ற முதல் தகுதி) என்று பெயர் வாங்க வேண்டுமானால் முதலில் கத்தி பேச வேண்டும். தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும், இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் அதே வாய் கை முடியை மழிக்க வேண்டும், கடைசியில் பற்றுக்குறட்டில் பிடித்து 90 டிகிரி வளைத்தால் முறியக் கூடாது. பிடியின் பளபளப்பெல்லாம் இதைத் தாண்டிய பிறகுதான். (60-இல் நிற்கிற காய்க்கத்தியை இப்படி வளைத்தால் முறியும், முறியத்தான் வேண்டும், அந்தச் சோதனை அதற்கானதில்லை.)

யாருக்கு, எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். புதிதாக வருகிற தம்பிகள் பலருக்கு முதல் கத்தியே இரண்டு பக்கமும் வாய் வைத்த குத்துவாளாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஏன் என்று புரிகிறது, படத்துக்கு அதுதான் எடுப்பு. ஆனால் நம் ஊரில் அரிவாள் என்ற சொல்லே பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் பரம்பரையாக விவசாய அரிவாள் அடித்தவர்கள்கூட, ஊர்ப் பெயரைச் சொன்னாலே அடுத்தவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டமும் கிட்டத்தட்ட அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறது. ஆயுத விதிகளில் வாள், குத்துவாள் எல்லாம் பெயர் சொல்லியே வருகின்றன, கூடவே 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று வடிவமைத்தவை நீங்கலாக என்றும் அதே வரி சொல்கிறது. ஆகவே "இது மீன் வெட்ட, காசிமேட்டில் வாங்கி வருகிற வஞ்சிரத்துக்காகச் செய்தது" என்று சொல்வது நம்மைப் பற்றிய அடக்கம் மட்டும் இல்லை. ஒருவேளை அதிகாரி ஒருவர் கேட்டாலும் பதில் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிடிக்கு மான் கொம்பு போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், வெளிநாட்டுக் கத்திகளைப் பார்த்து வருகிற ஆசை. வேண்டாம். தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் வேண்டாம், 1972 வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். செம்மரத்தையும் தொடாதீர்கள். புளி இருக்கிறது, வேம்பு இருக்கிறது, கருவேலம் இருக்கிறது, முற்றிய பனையின் கறுப்பு நாரை எபாக்சிப் பசை ஊட்டி மெருகேற்றினால் எந்தக் கொம்பும் பக்கத்தில் நிற்க முடியாது.

பாதுகாப்பைப் பற்றி நீட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் செய்வதில்லை. மர இழைப்புத் தூளும் இரும்புத் தூளும் நுரையீரலுக்குப் போகும், துணி கட்டினால் தடுக்காது, வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்கு இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடினால் போதும், தண்ணீர் ஊற்றினால் தொலைந்தோம். பழைய என்ஜின் ஆயிலில் துவைக்காதீர்கள், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. மெருகு போடும் பஃபிங் சக்கரம்தான் பட்டறையிலேயே மோசமான ஆள், கத்தியைப் பிடுங்கித் திருப்பி நம்மீதே எறியும்.

சரி, இப்போது நான் கேட்பது. இனிமேல் புதிதாக ஒருவர் வந்தால் "எந்த எஃகு, எப்படித் துவைத்தீர்கள், யாருக்கு?" என்று அன்பாக ஒரு தடவை கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் மட்டம் தட்டாதீர்கள், தெரியாது என்பதும் பதில்தான், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். சூளை இல்லை, சூடு அளக்க வழியில்லை என்பவர்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி இடங்களில் கூலிக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், கிலோ கணக்கில்தான் காசு, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே எஃகில் செய்து ஒன்றாகக் கொடுத்தால் ஆளுக்குப் பெரிதாக வராது. கொடுத்துச் செய்தால் அதையும் சொல்லுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் கூடலாம் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் சொந்தமாகச் செய்த கத்தி ஒன்றைக் கொண்டுவாருங்கள், அழகானதை இல்லை, வீட்டில் தினமும் புழங்குகிறதை. சணல் கயிறு, முருங்கைக்காய், கனிந்த தக்காளி நான் வாங்கி வைக்கிறேன். தக்காளி தன் எடையிலேயே கத்திமேல் அறுபட வேண்டும், அழுத்தக் கூடாது. பித்தளைக் கம்பியும் இருக்கும்: வாயை அதன்மேல் சாய்த்து லேசாக அழுத்தினால், விளிம்பு வளைந்து திரும்ப நிமிர்ந்தால் பதம் சரி, வளைந்தபடியே நின்றால் மெத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் டெம்பரிங் போதவில்லை. யார் கத்தி உதிர்ந்தாலும் ஓடிஜி அங்கேயே இருக்கிறது, சாப்பாடு முடிவதற்குள் இன்னொரு தடவை வைத்து எடுத்துவிடலாம். மெட்ரோவில் வராதீர்கள், நுழைவாயில் சோதனையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அட்டையில் சுற்றி, கயிறு கட்டி, பையின் அடியில் வைத்து பைக்கிலோ காரிலோ வாருங்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது, அண்ணிதான் சமைக்கிறார்.